பலகையில் உன் படம்

இன்று காலை கரியாஹாட் சந்தையில் காய் வாங்கப் போனவள், பூக்கடைப் பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். ரஜனிகந்தா வாசனை. நம் ஊர்ச் சம்பங்கிதான். கல்யாணத்துக்கும் அதே மாலை, சாவுக்கும் அதே மாலையா என்று நீ இந்த ஊரைக் கேலி செய்வாய். இப்போது எனக்கு அது உன் படத்துக்குப் போட்ட மாலையின் வாசனை மட்டும்தான். அப்படி என்ன அவசரம்டி உனக்கு?

வீட்டுக்காரர்களின் வங்கி மாற்றலில் இந்த வங்காள ஊருக்கு வந்த நாம் இரண்டு பேரும் சால்ட் லேக்கில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைப் பிடித்துப் பள்ளிக்கூடம் தொடங்கினோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், எழுத்து பிடிபடாத பிள்ளைகள், மற்ற பள்ளிகள் வேண்டாமென்று அனுப்பிய பிள்ளைகள். நான் கத்துவேன், நீ சிரிப்பாய். எப்படியோ பள்ளி ஓடியது.

வாசலில் மாட்டிய பலகை உன் யோசனை. எழுத்து, ஊஞ்சல் என்று ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே, அதற்கு நம்மில் யார் வருவோமோ அவர் படம் அதில் ஒட்டியிருக்கும். அன்றைக்கு வராதவர் படம் கீழே தொங்கும் பைக்குள் போய்விடும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். "பொய் சொல்லி ஒரு நாளைச் சமாளிச்சிடலாம்டி. மறுநாள் அந்தப் பிள்ளை நம்மளை நம்பாது" என்பாய்.

நீ போன பிறகு பள்ளியை மறுபடி திறந்த அன்றைக்கு நாங்கள் செய்த காரியத்தைக் கேள். உன் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, அந்தப் பலகைக்கு மேலேயே மாட்டினோம். "ஆன்டி சாமிகிட்ட போயிருக்காங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாள் நம் ஆயா ஷிப்ரா தீதி. நானும் தலையாட்டினேன். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

மிட்டு வந்தாள். பேச்சு அதிகம் இல்லாத, நீ ஊஞ்சல் ஆட்டிவிடுவதற்காகவே பள்ளிக்கு வரும் மிட்டு. அங்கே படம் இருந்தால் ஆள் வரும் என்றுதானே சொல்லிக்கொடுத்திருந்தோம்? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிபனைத் தொடவில்லை. "ஆன்டி ஆஷ்பே?" வருவாங்களா, வருவாங்களா என்று அதையே கேட்டாள். அவள் அம்மா கூட்டிப்போக வந்தபோது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மோதிக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. "இனிமே இவ வீட்டிலேயே இருக்கட்டும், தீதி" என்று அவள் அம்மா என்னிடம் அழுதுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையோடு படத்தை இறக்கினேன். "ஐயோ, அப்படிச் செய்யாதே!" என்று பதறினாள் ஷிப்ரா தீதி. "சும்மா இரு தீதி" என்று சொல்லிவிட்டு, பலகையில் ஒட்டும் உன் சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு மிட்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அதுவரை நானே அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. தவறிட்டா, போயிட்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மிட்டுவிடம் அவளுக்குத் தெரிந்த வங்காளத்தில் நேராகச் சொன்னேன். ஆன்டி செத்துட்டாங்க. நாளைக்கு வர மாட்டாங்க. என்னைக்குமே வர மாட்டாங்க. சொல்லிவிட்டு அழுதேன் பார், தெருவுக்கே கேட்டிருக்கும்.

மிட்டு அழவில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போடப் போனாள். போடாமல் நின்றாள். பைக்குள் போனவர்கள் இன்னொரு நாள் வெளியே வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து படத்தை என் மடியில் வைத்தாள். பிறகு எழுத்து நேரத்துக்கு எதிரே இருந்த என் படத்தைப் பிய்த்து, ஊஞ்சல் நேரத்தில் நீ இருந்த இடத்தில் ஒட்டினாள்.

இப்போது ஊஞ்சல் ஆட்டுவது நான்தான். தோள் கழன்றுபோகிறது. சிரித்துக்கொண்டே எப்படி ஆட்டினாயோ, தெரியவில்லை. நிறுத்தினால் மிட்டு என் கையைப் பிடித்து மறுபடி கயிற்றில் வைக்கிறாள். உன் சின்னப் படம் என் கைப்பையிலேயே கிடக்கிறது. சாவி தேடும்போதெல்லாம் கையில் அகப்படுகிறாய். இருந்துவிட்டுப் போடி.