பத்துப் பக்கம்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மட்டும் உன்மேல் கோபம். போனில் சொன்னால் அழுதுவிடுவாய், அதனால் என் வாண்டின் பையிலேயே இதை வைத்து அனுப்புகிறேன். உன் பாலர் வகுப்புக்கு அவள் வந்து ஐந்து மாதம். களிமண் உருட்டுகிறாள், மணி கோக்கிறாள். ஓர் எழுத்து உண்டா? எதிர்வீட்டுப் பிள்ளை அ முதல் ஃ வரை விளாசுகிறான். மார்ச்சில் பெரிய பள்ளி இன்டர்வியூ. "சித்தியே டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று இவர் நக்கலடிக்கிறார். எழுதிய பக்கங்களை அனுப்பு.

உன் அக்கா

ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. பென்சில் பிடிக்கும் பலம் அவள் விரலுக்கு இன்னும் வரவில்லை. களிமண்ணும் மணியும் அதற்குத்தான். நேற்று நான் சொன்ன கதைக்கு அவளே வேறு முடிவு சொன்னாள், தெரியுமா? படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆறு மாதம் பொறு.

உன் தங்கை

ஜனவரி 20

தங்கைக்கு,

எனக்குப் பாடம் எடுக்காதே. பக்கம் வராவிட்டால் அவளை நிறுத்திவிடுவேன். அப்புறம் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 3

அக்கா,

அவள் பையில் பத்துப் பக்கம் வைத்திருக்கிறேன். போதுமா?

தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

அந்தப் பத்துப் பக்கத்தையும் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்தேனே! இன்று இன்டர்வியூவில் டீச்சரம்மா பென்சிலைக் கொடுத்து "அ எழுதும்மா" என்றார். வாண்டு பென்சிலோடு கையை அவரிடம் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, எழுதலையா?"

"நீங்க என் கையைப் பிடிங்க. சித்தி அப்படித்தான் எழுதுவாங்க."

அறையே சிரித்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. இடமும் போச்சு. கூடப் பிறந்தவளே கழுத்தை அறுப்பாயா?

அக்கா

மார்ச் 15

அக்கா,

ஆமாம், அவள் கைமேல் என் கையை வைத்து நான்தான் எழுதினேன். "வலிக்குது சித்தி" என்றாள். நான் விடவில்லை. வேறு எந்தக் குழந்தைக்கும் செய்யாததை நம் குழந்தைக்குச் செய்தேன், நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்ற பயத்தில். என்னை மன்னிக்க வேண்டாம். அவளை மட்டும் அனுப்பு. எழுத வேண்டாம், விளையாடட்டும்.

உன் தங்கை

மார்ச் 28

அவளை ட்யூஷனில் போட்டாயிற்று. தினமும் இரண்டு மணி நேரம். அழுதுகொண்டே எழுதுகிறாள், ஆனால் அவளே எழுதுகிறாள். "சித்தி எங்கேம்மா?" என்று நான்கு நாள் நச்சரித்தாள். "சித்திக்கு நீ வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டேன். இப்போது கேட்பதில்லை.

வாண்டின் அம்மா