நாலு அடிக்குள் ஒரு முழுப்பேர்

என் அத்தைக்கு, பாட்டுக்காரிக்கு,

நீங்கள் போன பிறகு நேற்றுதான் உங்கள் கேசட்டைக் கேட்டேன். பதுளை டவுனில் முன்பு கேசட் கடை வைத்திருந்த நானா ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். "ஒங்க அத்தை கடைக்கு வந்தா ஒரு சண்டையாவது நடக்கும் புள்ள. பாட்டு மட்டும் சும்மா இருக்குமா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் காட்டினார். போனில் பதிந்துகொண்டேன்.

மூன்றாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை.

மடுல்சீமைத் தோட்டத்தில், தேயிலைக் கொழுந்து எடை குறைந்ததென்று கங்காணி உங்களுக்கு அரைப்பேர் போட்டான். பாதிக் கூலி. முழுப்பேருக்காக, வயிற்றுப் பிள்ளையோடு மறுபடி மலையேறினீர்கள். பிள்ளை தங்கவில்லை.

பாட்டு அதைச் சொல்வதில்லை.

அரைப்பேரு போட்ட ராசா,
ஒம் முழுப்பேரச் சொல்லட்டுமா?

பிறகு பெயர் இல்லை. பதிவு செய்தவர்கள் பயந்து கங்காணியின் பெயரை வெட்டச் சொன்னார்கள். வேறு சொல் வைக்க நீங்கள் மறுத்தீர்கள். அதனால் அங்கே தப்பு மேளம் மட்டும், நாலு அடி. லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் அந்த இடத்தில் சனம் அவன் பெயரைக் கத்தும். அடுப்படியில் நிற்கிறவர்கள்கூட.

அந்தக் கங்காணி இப்போது தொழிற்சங்கத் தலைவர், அத்தை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவு விழா எடுக்கிறான். பாட்டைப் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். அந்த நாலு அடியில் இப்போது "வாழ்க, வாழ்க" என்று கோரஸ். மறந்துவிட்டானா? செத்தவளின் பாட்டை எடுத்துக்கொண்டால் பெயரும் அழிந்துவிடும் என்று நினைத்தானா?

உங்கள் படம் கேட்டு அவன் ஆள் வந்தான். "தலைவரு கண்ணு கலங்கிட்டாருங்க."

அம்மா படத்தைத் துடைத்துக் கொடுத்தாள். "மாலைய நல்லா பெருசா வாங்கச் சொல்லுங்க தம்பி. ரெண்டு கையாலயும் புடிக்கிற மாதிரி."

அவன் போனதும் என்னிடம் சொன்னாள்: "காதப் பொத்திக்கக் கை இருக்கக் கூடாதுடி."

மன்னிப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நிறையப் படித்தேன். எதுவும் உதவவில்லை. உதவ வேண்டாம்.

மைக்செட் நம் லயத்துச் செல்வத்தினுடையது. பழைய பாட்டு அவனிடம் இருக்கிறது. மாலையோடு தலைவர் உங்கள் படத்தின் முன்னால் நிற்கும்போது அதுதான் ஓடும். அந்த நாலு அடிக்குள் அவன் பெயரை, அப்பன் பெயரையும் சேர்த்து, முழுசாகச் சொல்வோம்.

முதல் குரல் என்னுடையது.

உங்கள் அண்ணன் மகள்