வெட்டிய இரண்டு வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அறுபத்தெட்டுக் கடிதங்கள். அறுபத்தொன்று குருவின் வருகையைப் பற்றி. மிச்சம் ஏழில் ஒருவர் தெருவிளக்குக்காக ஆறாவது முறையாக எழுதியிருக்கிறார். பாவம், இந்த மாதம் அவருக்கு விடிவு கிடையாது.

இருபதாம் தேதி குரு வருகிறார். அரசு விருந்தினர், பீரங்கிக் குண்டு மரியாதை, சட்டமன்றத்தில் உரை. தன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை மூடி மறைத்தவருக்கு அரசு மரியாதை எதற்கு என்று ஒரு கட்சி. ஆதாரம் எங்கே என்று இன்னொரு கட்சி. எங்கள் பத்திரிகையில் தினமும் ஆதரவாக மூன்று கடிதம், எதிராக மூன்று. "நமக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல" என்கிறார் ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாக வாசகர் கடிதப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, நான் யார் பக்கம் என்று எனக்கே மறந்துவிட்டது.

குரு தரிசனம் தரப்போகும் மைதானத்துக்கான அனுமதிச் சீட்டு அம்மாவுக்கு வந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. "தம்பி படிச்ச பள்ளிக்கூடத்து குருவாச்சே, அவனையும் கூட்டிட்டுப் போலாம்டி" என்றாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். இதே ஊரில் இருந்துகொண்டு இங்கே எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கேட்டால் வேலை என்பான். இந்த ஊர் லிஃப்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் பழுதாகும் போல.

மார்ச் 5, வியாழன்

மின்னஞ்சலில் ஒரு மொட்டைக் கடிதம். குருவின் விடுதிப் பள்ளியில் படித்தவராம். காப்பாளர் தன்னைத் தனியறைக்குக் கூப்பிட்டதை நான்கே வரியில் எழுதியிருக்கிறார். அழுகை, ஆவேசம் எதுவும் இல்லை.

ஆனால் விதி விதிதான். 'பெயர், முகவரி இல்லாத கடிதங்களைப் பிரசுரிப்பதில்லை' என்ற வழக்கமான பதிலை அனுப்பினேன். நல்ல கடிதமாயிற்றே என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன்: 'இத்தனை காலம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று வாசகர்கள் கேட்பார்கள். அதையும் எழுதினால் கடிதம் வலுவாகும்.'

மார்ச் 6, வெள்ளி

ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று. தலைவலி.

மார்ச் 9, திங்கள்

பதில் வந்திருக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் சரியாக, விதிப்படி.

தம்பியின் பெயர்.

முதலில் அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டு முகவரியைப் பார்த்த பிறகும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

'ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொன்னேன். பன்னிரண்டு வயதில் விடுமுறை முடிந்து திரும்பும்போது, பேருந்து நிலையத்தில் அக்காவிடம் சொன்னேன். பெரிய இடத்தைப் பற்றி வாயைத் திறக்காதே என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துப்போய் அவளே விடுதிக்குள் விட்டாள்.'

'கேட்டிருந்தீர்கள்' என்று எழுதியிருக்கிறான். எனக்கு! இந்தப் பக்கத்தைப் பார்ப்பது யாரென்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதானே அனுப்பினான். மொட்டைக் கடிதத்திலேயே நான் அவனைக் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தானோ? நான் என்னடான்னா வலுவா எழுதுங்கன்னு பாடம் எடுத்திருக்கேன். ஐயோ.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் அழுதது ஞாபகம் இருக்கிறது. வீட்டு ஏக்கம் என்று நினைத்தேன் — இல்லை. பொய். 'காப்பாளர்' என்று அவன் ஆரம்பித்தான், நான்தான் முடிக்க விடவில்லை. முடித்தால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே.

மார்ச் 10, செவ்வாய்

ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன், எழுதியது என் தம்பி என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "போடுங்கம்மா. ஆனா எல்லாருக்கும் போலத்தான். நூத்தம்பது சொல்லு, அதுக்கு மேல கூடாது."

கடிதம் நூற்று எழுபத்திரண்டு சொல்.

மார்ச் 12, வியாழன்

கடிதம் இன்றைய பேப்பரில் வந்துவிட்டது. காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பதினொரு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் போட்டிருக்கே. உன்னை மட்டும் எடுத்துட்டே."

"இடம் பத்தலடா. நூத்தம்பது சொல்லுதான்..."

"ஆமா. அன்னைக்கும் உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டான். நான் நினைத்து வெட்டவில்லை. எந்தக் கடிதத்திலும் சொந்தக்காரர்களைப் பற்றிய வரிகளைத்தான் முதலில் எடுப்பேன், விஷயத்துக்கு அவை தேவைப்படாது. கை அதன் பாட்டுக்குச் செய்தது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? இதுதான் உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அம்மா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

"இவ்வளவு நாளும் யார்கிட்டயுமா சொல்லல, எம்புள்ள?"

சமாளித்திருக்கலாம். அந்த இரண்டு வரி இல்லாத பேப்பர்தானே அவள் கையில் இருந்தது.

"என்கிட்ட சொன்னாம்மா."

அம்மா என்னை அடித்திருந்தால் தேவலை. "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மார்ச் 16, திங்கள்

திருத்தம் எழுதிக்கொண்டு போனேன். 12ஆம் தேதி வெளியான கடிதத்தில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன, அவை இவை, நீக்கியவர் இப்பக்கத்தின் பொறுப்பாளர், அவ்வரிகளில் வரும் அக்காவும் அவரே. கீழே என் பெயர்.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "திருத்தம் போடறது பிழைக்குத்தாம்மா. பாவத்துக்கு இல்ல."

"இது பிழைதான் சார். உங்க பக்கத்துல வந்த பிழை."

"போட்டா, நீங்க இந்தப் பக்கத்துல இருக்க முடியாது. தெரியும்ல?"

தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 18, புதன்

திருத்தம் வந்துவிட்டது. பொடி எழுத்தில், வானிலைக்கு மேலே. மதியம் பக்கத்தை ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். அந்த விடுதிகளில் படித்த பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். பதினொருவரும் பெயர், முகவரியோடு. மூன்றுக்கு மூன்று என்ற கணக்கு பார்க்காதீர்கள் என்று புதிதாக வந்தவரிடம் சொன்னேன். அவர் ஆசிரியரின் அறையைப் பார்த்தார்.

மார்ச் 20, வெள்ளி

குண்டுகள் முழங்கின. எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை, இருபத்தொன்று. சட்டமன்ற உரையும் நடந்தது. அம்மா மைதானத்துக்குப் போகவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். அம்மா கூப்பிட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்தவள் நான். என்னைத் தாண்டி உள்ளே போனான்.

ஒரு மணி நேரம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவன் கையை விடவே இல்லை. அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், அம்மா இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் சமையலறையில் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். திருத்தத்தைப் படித்தானா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. அவன் படிப்பதற்காகவா எழுதினேன்? ஆமாம், அதற்காகவும்தான்.

கிளம்பும்போது, "வரேம்மா" என்றான்.

அம்மாவிடம் மட்டும். வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்த நான், நகர்ந்து வழிவிட்டேன்.