இல்லாத உறுப்புக்கு லேசர் கேட்டதாகத் திருப்பப்பட்ட விண்ணப்பம்

அனுப்புநர்:
கா. மீரான் மைதீன்,
வாழைத்தார் வியாபாரம்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தேனி.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கர்ப்பப்பை அகற்றப்பட்ட என் மகள் ரெஹானாவின் யோனியில் உள்ள, புற்றுநோயாக மாறக்கூடிய புண்ணுக்கு லேசர் சிகிச்சைப் பரிந்துரைக் கடிதம் மறுக்கப்பட்டது தொடர்பாக.

1. என் மகளுக்கு வயது 38. 2004-ல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது. அத்தோடு தொல்லை ஒழிந்தது என்று தெருவுக்கே நெய்ச்சோறு ஆக்கிப் போட்டவன் நான். கடந்த ஏப்ரலில் பரிசோதித்த மருத்துவரம்மா, யோனியின் மேல்பகுதியில் புண் இருக்கிறது, இன்னும் புற்றாகவில்லை, இப்போதே லேசரால் எரித்துவிட்டால் கத்தி வைக்க வேண்டாம் என்றார்கள். கருவி மதுரையில் உள்ளது. பரிந்துரைக் கடிதம் இங்குள்ள அரசு மருத்துவ அலுவலகம் தர வேண்டும்.

2. விண்ணப்பத்தில் 'நோயுள்ள உறுப்பு' என்று ஒரு கட்டம். நிரப்பியது நான். ஏலத்தில் ஊர் கேட்கக் கத்துகிறவனுக்கு அந்த ஒரு சொல்லை எழுதக் கை கூசியது. பக்கத்து உறுப்புதானே என்று 'கர்ப்பப்பை' என எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்த அறிவு அவ்வளவுதான்.

3. மே மாதம் விண்ணப்பம் திரும்பியது. 'உறுப்பு ஏற்கெனவே அகற்றப்பட்டது. சிகிச்சை தேவையில்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு. மருத்துவரம்மாவின் சீட்டும் அதோடுதான் குத்தியிருந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

4. திருத்தப் போனேன். எழுத்தர், "என்ன பாய், பையத்தான் எடுத்தாச்சுல்ல? இல்லாத பைக்கு எங்கன லேசர் வைக்க?" என்றார். வரிசையே சிரித்தது. சொல்ல வெட்கம், நானும் சிரித்தேன். மகள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அவுக சிரிச்சாகன்னா அவுக ஆரோ. நீங்களும் சிரிச்சீகளே அத்தா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு எங்கும் வருவதில்லை.

5. மேலும் மூன்று முறை போனேன். கோப்பு 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகிவிட்டதாம், புது விண்ணப்பம் வாங்க மாட்டார்களாம். நோய் முடியவில்லை ஐயா. புண் பரவுகிறது, ஆழமாகப் போய்விட்டால் லேசருக்கு அங்கே வேலையில்லை என்று மருத்துவரம்மா போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

6. பொருள் வரியில் உள்ள சொல்லை எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்தப் பிழை என்னுடையது. ஆனால் நான் எழுதக் கூசியவன். சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தவர்கள் ஏன் படிக்கவில்லை?

மதுரையில் லேசர் வைக்கும் நாள் வரும் 21ஆம் தேதி, வியாழக்கிழமை. அதற்குள் கடிதம் கிடைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். அந்த வரிசையில் இனி என் மகள் நிற்க மாட்டாள். கடிதத்தை என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கே தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இடம்: உத்தமபாளையம்
நாள்: 11.08.2008

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கா. மீரான் மைதீன்
(ரெஹானாவின் தகப்பன்)