சைகோனுக்கு ஒரு டப்பா மல்லாட்டை

பாகூர்
1935 ஆவணி 20

சைகோனில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, தையலம்மாள் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் ஏதோ இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது கடிதம் வந்தால்தான் தெரிகிறது. அதுவும் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருகிறது.

முறுக்கும் அதிரசமும் வயிற்றுக்கு ஆகவில்லை, டாக்டர் எண்ணெய்ப் பண்டம் தொடாதே என்கிறார், சத்தாக வேறு ஏதாவது அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். நம் மேட்டு நிலத்து மல்லாட்டைக் கடலையை மணலில் வறுத்துத் தோல் புடைத்தேன். கறுப்பு எள்ளைக் கல் போக அரித்து, வெறும் சட்டியில் பொரியவிட்டேன். பரங்கி விதையும் வெள்ளரி விதையும்தான் உயிரை வாங்கிவிட்டன. காயவைத்து ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்க வேண்டும். களத்து வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உதவிக்கு வந்த பவுனம்மாள், “இன்னாம்மா, வருசா வருசம் டப்பாதான் கப்பலேறுது, அவரு எப்பம்மா எறங்கப் போறாரு?” என்று கேட்டாள். பங்குனிக்கு வேலையை விட்டுவிட்டே வருகிறார் என்றேன். நீங்கள் எழுதியதைத்தானே சொன்னேன்?

பொட்டுக்கடலை, மிளகு, உப்பு, வறுத்த கறிவேப்பிலை எல்லாம் கலந்து, நன்றாக ஆறிய பிறகே அடைத்தேன். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும். உங்களோடு வேலை பார்க்கும் வில்லியனூர் உலகநாதன் விடுமுறை முடிந்து திரும்புகிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன். தினம் ஒரு பிடி தின்னுங்கள்.

தையலம்மாள்

*

சைகோன்
1935 நவம்பர் 4

தையலுக்கு,

சுகம். டப்பா பழுதில்லாமல் வந்தது. மூடியைத் திறந்ததும் அறையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். டாக்டரிடம் காட்டினேன், இதுதான் சரி என்றார். துறைமுகக் காவலில் நின்று நின்று கால் வீங்குகிறது, மற்றபடி குறையில்லை.

அடுத்த முறை எல்லாவற்றையும் பொடியாக இடித்து அனுப்பு. பாலில் கலந்து குடிக்கச் சௌகரியம். பங்குனி விஷயமாக மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சிங்காரவேலு

*

பாகூர்
1935 மார்கழி 12

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

பேசிக்கொண்டிருக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? போன வருஷமும் அதையேதான் எழுதினீர்கள்.

பொடி கேட்டிருக்கிறீர்கள். மல்லாட்டையை இடித்தால் எண்ணெய் கக்கும், கப்பலில் போய்ச் சேர்வதற்குள் சிக்கு நாற்றம் அடிக்கும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதுகூட மறந்துபோனதா என்று யோசித்தேன். நேற்று வில்லியனூர்க் கோயிலில் உலகநாதன் பெண்சாதி விருத்தாம்பாளைப் பார்த்தேன். “உங்க வூட்டுக்காரருக்கு மேல்பல்லு எல்லாம் பூடுச்சாமே. மல்லாட்டைய கூட இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டு எள்ள மட்டும் பொறுக்கித் தின்றாராம், எங்க வூட்டுக்காரரு எழுதியிருக்காரு” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை ஊரார் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். உங்களுக்குப் பல் இருந்தபோதே சொல் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் தலை பாதி நரைத்துவிட்டது. அதனால் என்ன, வந்துவிடுங்கள். சோற்றைக் குழைய வடித்துப் போடுகிறேன். மல்லாட்டையை அவித்துத் தருகிறேன், எள்ளை வெல்லத்தோடு அன்றன்றைக்கு இடித்துத் தருகிறேன். தனியாக என்னால் முடியவில்லை. ஏரித் தண்ணீருக்குச் சண்டை போடுவதும் நடவுக்கு ஆள் தேடுவதும் பத்து வருஷமாக நான் ஒருத்தியே. அலுத்துவிட்டேன்.

தையலம்மாள்

*

சைகோன்
1936 பிப்ரவரி 9

தையலுக்கு,

ஆமாம், பல் போய்விட்டது. எழுத வெட்கமாக இருந்தது.

இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? ஏர் பிடிக்க உடம்பில்லை. நம் வயலுக்கு மடை எந்தப் பக்கம் என்றுகூட நினைவில்லை. இங்கே துறைமுகக் கொட்டகை வாசலில் நின்றால் போதும், யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. மூன்று வருஷம் ஓடிவிடும், கட்டாயம் வந்துவிடுகிறேன்.

பொடி ஆகாதென்றால் போன தடவை மாதிரியே அனுப்பு. எள்ளை மட்டும் கொஞ்சம் கூடப் போடு.

சிங்காரவேலு

*

பாகூர்
1936 பங்குனி 3

அவர்களுக்கு,

நீங்கள் வந்து இறங்கியதும் கொடுக்கலாம் என்று எல்லாம் வறுத்துக் கலந்து வைத்திருந்தேன். உங்கள் வாய்க்கு ஆகும்படி மல்லாட்டையை மட்டும் அம்மியில் நொறுக்கிப் போட்டிருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து ஒரு பிடி அள்ளித் தின்றேன். இத்தனை வருஷமாக டப்பாவுக்கு எது செய்தாலும், உங்களுக்குக் குறைந்துவிடுமே என்று ஒரு வாய் போட்டுக்கொண்டதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. மீதியைப் பவுனம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நிலத்தைப் பக்கத்து வயல் கண்ணையனிடம், விளைச்சலில் பாதி என்று பேசி, வாரத்துக்கு விட்டாயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பவுனம்மாளிடம் கொடுக்கப் போகிறேன். இனி அரியாங்குப்பத்தில் தம்பி வீட்டில்தான் இருப்பு. அங்கே எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

கப்பலுக்குப் புறப்பட்ட அன்று “போயிட்டு வரேன்” என்றீர்கள். கடைக்குப் போகிறவன்கூட அப்படித்தான் சொல்லுகிறான். ‘போறேன்’ என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஊர் வழக்கத்துக்குச் சொன்ன பேச்சை நான் வாக்கு என்று எடுத்துக்கொண்டு பத்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். உங்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வந்துவிட்டது.

நான் போறேன்.

தையலம்மாள்