பெயரை மட்டும் அழித்தேன்

தென்காசி,
சனிக்கிழமை.

பிரியமுள்ள காளீஸ்வரிக்கு ஷஹானா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வாலென்சியா வெயிலும் ஓட்டல் வேலையும் உனக்குப் பழகியிருக்கும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிக்குப் போன இடத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். ஈரத்தலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நீ ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கலன்னா எம்புள்ள அவ்வளவு தூரம் போயிருப்பாளா" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குக் குளித்த சுகமே போய்விட்டது.

சொல்லிக் கொடுத்தது நான்தானே. வினைச்சொல்லின் வாலை வெட்டாதே, முழுசாக வைத்து 'இயா' சேர்த்தால் 'இப்படி நடந்தால் செய்வேன்' என்ற பொருள் வந்துவிடும் என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன். அந்த ஓட்டல் வேலைக்கான நேர்காணலில், இந்த வேலை கிடைத்தால் எங்கே வாழ்வீர்கள் என்று நம் இருவரிடமும் கேட்டார்கள். நீ 'விவிரியா' என்றாய். நான் 'விவிரே' என்றேன். தமிழில் இரண்டுக்கும் 'வாழ்வேன்' போதும். அவர்களுக்கு நீ சொன்னது, கிடைத்தால் வாழ்வேன். நான் சொன்னது, வாழத்தான் போகிறேன். கிடைத்துவிட்டதாகவே நினைத்துப் பேசிவிட்டேன். கிடைத்தது உனக்கு.

இப்போது இங்கே மாலை வகுப்பு எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை இதே பாடம். 'காளீஸ்வரி வாலென்சியாவில் விவிரியா' என்று பலகையில் உதாரணம் எழுதினேன். வள்ளித்தாய் என்று ஒரு நர்ஸ் படிக்க வருகிறாள். அவள் எழுந்து, "டீச்சர், அந்தக்கா இப்பம் அங்கனதான இருக்காவ? பொறவு எதுக்கு, போனா இருப்பாவன்னு எழுதுதீய?" என்று கேட்டாள். எனக்குக் காது சுட்டது. நீ அங்கே போகாமலே இருந்திருக்கலாம் என்று என் கை ஆசைப்பட்டிருக்கிறது. உன் பெயரை மட்டும் அழித்துவிட்டு 'நான்' என்று எழுதினேன். விவிரியாவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. 'அவள்' என்றாலும் 'நான்' என்றாலும் அந்த மொழியில் வினைக்கு ஒரே வடிவம். விதியை வகுப்புக்குச் சொன்னேன்.

நீ அனுப்பும் கடற்கரைப் படங்களையெல்லாம் பார்க்கிறேன். பதில் போடத்தான் முடியவில்லை. பொறாமைதான் காளி, வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். விண்ணப்பித்துவிட்டேன். எனக்காக அங்கே யாரிடமும் பேசாதே. உன் தயவில் வந்து சேர என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவன் உன்னை நன்றாக வைக்கட்டும். உன் அறையில் இன்னொரு கட்டில் சும்மா கிடக்கிறது என்றாயே, கொஞ்ச நாளைக்கு அதை யாருக்கும் விட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் ஷஹானா