பராமரிக்கவில்லை என்று ஒரு கையெழுத்து

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இனியனுக்கு அம்மா எழுதுவது. குவைத் வெயிலில் ஜாஸ்தி அலையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எழுந்து வாசல் தெளிக்கிறேன், அதற்குப் பெயர் சௌக்கியம் என்றால் சௌக்கியம்தான். வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குப் பேப்பரைத் தேடி எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேசினால் நீ குறுக்கே வருவாய், நானும் சரி போகட்டும் என்று விட்டுவிடுவேன், அதோடு ஒரு காகிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. டவுனில் ஷாஹீன் வீட்டுக்காரர் ரபீக் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறாராம், அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது, ரூமில் எல்லோருக்கும் கொடு, ஒரே நாளில் தீர்த்துவிடாதே.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் படிப்புக்குப் போவதாக முடிவு பண்ணியிருக்கிறேன். மூன்று வருஷ டிப்ளமோ, கவர்ன்மென்ட் நர்சிங் ஸ்கூல், ஆஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும், முடித்தால் கவுன்சிலில் பெயரைப் பதிந்து நம்பர் கொடுப்பார்கள், அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் நர்ஸ். சிரிக்காதே, முப்பத்தொன்பது வயதில் உன் அம்மாவுக்குப் புத்தி ஒன்றும் பிசகிவிடவில்லை. பன்னிரண்டாவதில் நான் சயன்ஸ் குரூப் என்பது உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கே மறந்துபோயிருந்தது. மார்க் ஷீட்டை பீரோவிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டாயிற்று, டி.சி. இருக்கிறது, சாதிச் சான்றிதழ் வாங்கியாயிற்று, பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்து படிக்க மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பழைய புத்தகக் கடையில் பயாலஜி புத்தகம் ஒன்று வாங்கி தினம் நாலு பக்கம் இங்கிலீஷில் படித்து எழுதிப் பார்க்கிறேன், எலும்புப் பெயர்கள் மனசில் நிற்கின்றன, ரத்தக்குழாய்ப் பெயர்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. உன் ராமன் மாமா கேள்விப்பட்டு வந்து, பேரன் பேத்தி எடுக்கிற வயசுல ஊசி போடப் போறியா, நான் வெளியில தலை காட்ட வாணாமானு கத்திவிட்டு, காபிகூட வேண்டாம் என்று போய்விட்டார். மறுநாள் வந்து குடித்தார்.

ஏன் திடீரென்று நர்ஸ் என்று நீ கேட்பாய். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது கண்ணு. அப்பா போனபோது குவைத்திலிருந்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, எப்படி நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று பௌர்ணமி, சாயங்காலம் நாலு மணிக்கே கிரிவலப் பாதை நிரம்பிவிட்டது, ரோட்டை மறித்துவிட்டதால் அப்பா ஆட்டோவை எடுக்காமல் நம் வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சை அடைக்குதுடி என்று உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். 108 வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொண்டது, யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவ்வளவு ஜனம். அப்போது நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், செருப்பில்லாத கால், தோளில் ஒரு பை, நான் நர்ஸு, தள்ளுங்கனு சொல்லி மண்டி போட்டு அப்பாவின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து, அழுவாத, சத்தமா எண்ணு, முப்பது வந்ததும் சொல்லுன்னாள். நான் எண்ணினேன். முப்பது வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து. வண்டி வரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். வண்டியில் வந்தவர்கள் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, நீ நல்லா எண்ணினம்மானு சொன்னாள், நம் வீட்டுக் குழாயில் கை கழுவினாள், மலையைப் பார்த்துக் கும்பிட்டாள், மீதி தூரத்தை நடக்கப் போய்விட்டாள். பெயர்கூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குள் எதுவோ நின்றுபோனது. காரியத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. உன்னைத் திரும்ப ஏர்போர்ட்டுக்கு அனுப்பிய அன்றும் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று தங்கம்மாள் தெருக்கோடியில் சொன்னாளாம், சொல்லிவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டு ராணியம்மாளுக்குச் சர்க்கரைப் புண், பாதம் அழுகிப்போய் அவள் மருமகளே கிட்டப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி நான்தான் தினமும் கழுவிக் கட்டிவிடுகிறேன். நாற்றம் தெரிகிறது, ஆனால் என்னை ஒன்றும் செய்வதில்லை, கை நடுங்குவதில்லை. அப்பா போன இந்த எட்டு மாசமாக என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதை வைத்துக்கொண்டு சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று தோன்றியது, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இப்போதுதான் சிக்கல். என் வயதுக்கு அப்ளிகேஷனே வாங்க மாட்டார்களாம். ஆதரவற்ற விதவை என்று சான்றிதழ் இருந்தால் வயதில் சலுகை உண்டு என்றார்கள், மனு கொடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை வி.ஏ.ஓ. தனம் மேடம் விசாரிக்க வீட்டுக்கே வந்தார்கள், நல்ல மாதிரி, கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தார்கள். உங்களை யாராவது பார்த்துக்கறாங்களாம்மானு கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. என் பையன் குவைத்துல இருக்கான் மேடம், எனக்கு ஒரு கொறையும் வைக்கறதில்லைனு சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் நீ வாங்கிக் கொடுத்த மிக்சியையும் காட்டினேன். அவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். நீங்களே இப்படிச் சொன்னா நான் எப்படிம்மா ஆதரவில்லைனு எழுதறதுன்னார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் அவர்களே யோசித்து, மகன் தனியாக இருக்கிறான், அம்மாவைப் பராமரிப்பதில்லை என்று உன் கைப்பட எழுதி வாங்கிக் கொடுத்தால் வேங்கிக்காலில் இருக்கிற பெரிய ஆபீசுக்கு மனுவை அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். போட்டோ பிடித்து போனில் அனுப்பினால் செல்லாதாம். உன் மாமா என்னடாவென்றால், பேப்பர்ல இல்லைனு எழுதட்டும், அவன் பாட்டுக்கு அனுப்பிக்கினே இருக்கட்டும், யார் வந்து பார்க்கப் போறாங்கனு சொல்கிறார். பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு நர்ஸ் உடுப்பைப் போட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த மாசத்திலிருந்து எனக்கு நீ எதுவும் அனுப்பாதே, பணமும் வேண்டாம், பொருளும் வேண்டாம். அப்போதுதான் அந்தக் காகிதம் உண்மையாகும். ஆஸ்டலில் சோறு போடுவார்கள், அதுவரைக்கும் என்னிடம் இருப்பது போதும். அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போனதிலிருந்து எனக்குச் செய்வதில்தான் நீ மனசை ஆற்றிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதையும் பிடுங்குகிறேனே என்று நினைத்தபோது கஷ்டமாக இருந்தது, இத்தனை மாசத்தில் கஷ்டம் என்று ஒன்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். உனக்கு மனசில்லை என்றால் எழுதாதே, கோபித்துக்கொள்ள மாட்டேன், ராணியம்மாள் காலைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவேன். எழுதிக் கொடுத்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கிறேன், சந்தோஷம் எப்படி இருக்கும் என்பது மறந்துவிட்டதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உனக்கு நல்ல பெண்ணாக அமைய வேண்டும், அந்த மலை உன் பின்னால் நிற்க வேண்டும். அடுத்த மாசம் இருபதாம் தேதி கடைசி நாள், மறந்துவிடாதே. என்ன எழுத வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் பென்சிலால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து உன் கையால் பேனாவில் எழுதிக் கூரியரில் போடு. என் தாயாரை நான் பராமரிக்கவில்லை என்ற வரி வரும்போது நின்றுவிடாதே, எழுத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே போ. ஆனால் வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் போனில் சாப்டியாம்மானு கேட்பாயே, அதை நிறுத்திவிடாதே. காகிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்புச்செல்வி